அம்மா குறை சொன்ன கடைகள்

சென்ற வியாழக்கிழமை காலை நடை முடிந்து நாம் எல்லோரும் பொங்கோல் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பற்றிப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பொரிக்கிற மீனின் மேல்மாவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற தாதி, "மாவு எப்படி இருந்தா என்ன, எண்ணெய் புதுசா இருக்கணும் லா, பழசுன்னா நெஞ்சக் கரிச்சிடும்" என்றார். ஆசிரியராக இருந்தவர் உறைய வைத்த மீனே கூடாது என்று சாதித்தார். செங்காங்கில் ஒரு கடை, காத்தோங்கில் ஒரு கடை என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். "நீங்க சொல்லுங்கக்கா, எது நல்ல கடை?" என்று என்னிடம் திரும்பியபோது நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் நடைக்கும் வரவில்லை. முதுகுவலி என்று செய்தி அனுப்பினேன். முதுகுவலி இல்லை.

நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி அனுப்புகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு என்பதால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரப் படைகள் தளங்களைக் காலி செய்துகொண்டு போன காலம் உங்களுக்கும் தெரியும். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஹைனானியச் சீனச் சமையல்காரர்கள் ஊரெங்கும் சின்னச் சின்னக் கடைகள் போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. கீழே மிளகாய் அரைக்கும் மில். காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கினால் படியேறுகிற எல்லோரும் தும்முவார்கள், இருமுவார்கள். அதனால்தான் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருமே செருமினோம்.

அப்பா ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். தீவு முழுக்க உள்ள காப்பிக்கடைகளுக்கு விடிகாலையில் ரொட்டி போடுவார். அம்மாவைப் பார்த்ததும் அப்படித்தான். காத்தோங்கில் அம்மாவின் வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்கு அவர் ரொட்டி இறக்குவார். அம்மாவுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தர். வீட்டில் ஆங்கிலப் புத்தகங்கள், பியானோ. அப்பா நான்காவதோடு பள்ளியை விட்டவர். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு காத்தோங்கிலிருந்து எங்கள் மாடிக்கு யாரும் ஏறியதில்லை.

பள்ளி ஆண்டு முடிந்து விடுமுறை விட்டிருந்தது. மழைக்காலம். மாடி ஜன்னலின் தகரக் கூரை நாள் முழுக்கத் தடதடத்துக்கொண்டிருக்கும். அந்த விடுமுறையில்தான் அம்மா சாப்பிடுவதைக் குறைத்தார். முதலில் இறைச்சி வேண்டாம் என்றார். பிறகு சப்பாத்தி. பிறகு சோற்றையே கஞ்சியாகக் குழைத்துக்கொண்டார்.

"காத்தோங்காரிக்கு நம்ம சோறு எறங்கலை" என்று அத்தை அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "இத்தன வருசம் கழிச்சு இப்பதான் பொறந்த வீட்டு நெனப்பு வருது போல."

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் கேட்டார்: "என்ன சாப்பிடத் தோணுது, சொல்லு. எதா இருந்தாலும் வாங்கியாறேன்."

அம்மா வெகுநேரம் யோசித்தார். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் அவர் ஏதோ ஒன்றைத் தேடிச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். "சின்ன வயசில அப்பா வெள்ளிக்கிழமையில தளத்துக் கன்டீன்ல இருந்து மீனும் சிப்ஸும் கொண்டு வருவார். பேப்பர்ல சுத்தி. வினிகர் ஊறி, கடதாசி எல்லாம் ஈரமா இருக்கும். அதுதான் ஞாபகம் வருது."

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் அப்பா வேனைச் சந்து முனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். வார இறுதியில் வேனை வைத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். நடுவில் எனக்கு இடம். அதன் அடியில்தான் இயந்திரம், தொடை சுடும். பின்னால் காலி ரொட்டித் தட்டுகள் குலுங்கும். ஈஸ்ட் வாசனை, டீசல் வாசனை, அம்மாவின் முகப்பவுடர். இன்றும் எங்காவது புது ரொட்டி வாசனை வந்தால் என் தொடைதான் முதலில் சூடு உணர்கிறது.

செம்பவாங்கில் கன்டீன் மூடிக் கிடந்தது. வெள்ளைக்காரர்களோடு அதுவும் போய்விட்டது. வாசலில் நின்ற காவலாளி கையை விரித்தார். அப்பாவின் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. அவருக்கு ஊரில் உள்ள கடைகள் எல்லாம் தெரியும் அல்லவா? "பரவால்ல. இத விட நல்ல கடையா நான் காட்டுறேன்" என்றார்.

முதல் கடை காத்தோங் கடலோரத்தில். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, மேசைக்கு ஒரு சாஸ் புட்டி. பெரிய வெள்ளைத் தட்டில் மீன் வந்தது. பொன்னிறத்தில் உப்பி, ஓரத்தில் எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. அம்மா முள்கரண்டியால் மேலோட்டைத் தட்டினார், உடைந்தது. உள்ளேயிருந்து ஆவி. நகக்கண் அளவுக்கு ஒரு துண்டை வாயில் வைத்தார், தண்ணீர் குடித்தார், இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மா தடிச்சுப் போச்சுது" என்றார். "மீனை விட மாதான் கூட."

எனக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத சுவை. என் தட்டையும் முடித்து, அம்மாவின் தட்டையும் முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாங்கி. அங்கே எண்ணெய் பழசு. அதற்கடுத்தது ஆர்ச்சர்ட் சாலையில் கார் நிறுத்துமிடத்து அங்காடி. அங்கே மீன் வறண்டு போயிருந்தது, கிழங்கு மெழுகாக இருந்தது. இன்னொரு இடத்தில் வினிகர் சரியில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு காரணத்தை, மென்மையாக, மன்னிப்புக் கேட்பது போலச் சொல்வார். அப்பா காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ரொட்டி டெலிவரிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். பிறகு நேராக அடுப்படிக்குப் போய்ச் சமையல்காரரிடம் மலாயில் விசாரிப்பார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கும்.

"மாவை ஐஸ் தண்ணியிலதான் கரைக்கணுமாம். அப்பதான் மெல்லிசா வருமாம். இவன் சும்மா பைப்புத் தண்ணியில கரைக்கிறான்."

"கெழங்க ரெண்டு தடவ பொரிக்கணுமாம். ஒரு தடவ மெதுவா, ஒரு தடவ வேகமா."

"மீன எண்ணெயில போட்ட உடனே சத்தம் கேக்கணுமாம். சத்தம் அடங்குச்சுன்னா எடுத்துறணும். இல்லன்னா வறண்டுரும்."

இப்படி ஆறு வாரத்தில், நான்காவதோடு பள்ளியை விட்ட என் அப்பா, ஒரு நல்ல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் படித்துவிட்டார். நானும்தான். வியாழக்கிழமை நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பத்து வயதிலேயே கேட்டிருக்கிறேன். எல்லாம் சரியான விதிகள். ஆனால் அம்மா அவற்றை விதிகளாகச் சொல்லவில்லை.

அந்த ஆறு வாரத்தில் நான் பூசினாற்போல் ஆகிவிட்டேன். பள்ளிச் சீருடையின் இடுப்பைத் தளர்த்தித் தைத்தது அம்மாதான். அதே வாரம் தன் ரவிக்கை இரண்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். இரண்டு வேலையும் ஒரே ஊசியில், ஒரே மதியத்தில் நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டினி கெடந்து ஒல்லியாகணும்னு ஆசையா? வெள்ளைக்காரி மாதிரியா?" என்றார் அத்தை.

"வயிறு சரியில்லை, மச்சாள்" என்றார் அம்மா.

தெருமுனை டாக்டர், வாயு என்று வெள்ளை மருந்து கொடுத்தார். அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அத்தையைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றிப் போட்ட அன்று அவர் அழுதார். அவருக்குத் தெரிந்த காரணங்களில் அவர் தேடினார், அவ்வளவுதான்.

விடுமுறை முடிவதற்குச் சில நாள் முன்பு சிலேத்தார் போனோம். பழைய விமானப்படைத் தளத்தின் வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஒரு கடை. நடத்தியவர் ஒரு ஹைனானிய அம்மாள். அவருடைய கணவர் அதிகாரிகள் உணவுக்கூடத்தில் சமையல்காரராக இருந்தாராம். கணவர் இறந்த பிறகு அம்மாள் தனியாகக் கடையை நடத்தினார். மேசை நாற்காலி எல்லாம் பொருத்தமில்லாதவை. தட்டு கிடையாது. பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார். அப்பா தேடி வந்ததே அதற்காகத்தான்.

மழை விட்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் வினிகர் ஆவி கண்ணில் எரிந்தது. மேலோடு கண்ணாடி போல மெல்லிசு. உள்ளே கொடுவா மீன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாக விலகியது. அப்பா முதலில் ஒரு வாய் தின்றுவிட்டு, மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். அவர் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளையின் முகம்.

அம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார். கண் மூடியது. உதடு லேசாக விரிந்தது. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது.

பிறகு அவர் எழுந்தார். "கை கழுவிக்கொண்டு வாறன்" என்று கொட்டகைக்குப் பின்னால் போனார். எனக்கும் கையெல்லாம் எண்ணெய். பின்னாலேயே போனேன்.

சாக்கடை ஓரம் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகாமல் விக்கியது. முகம் கறுத்திருந்தது. விரலை உள்ளே விட்டு அந்தத் துண்டை எடுத்து, ஓரத்தில் பின்னல் வைத்த தன் கைக்குட்டையில் துப்பினார். கைக்குட்டையில் ரத்தக் கோடு. பிறகுதான் மூச்சு வந்தது. திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"அப்பாட்டச் சொல்லிப்போடாத பிள்ளை" என்றார். குரல் கரகரத்தது. "பாவம் அந்த மனுசன். எவ்வளவு தூரம் வேன் ஓடிக்கொண்டு வந்திருக்கிறார். நாளைக்குச் சரியாயிடும்."

நான் தலையாட்டினேன். அவர் கைக்குட்டையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முகம் கழுவி, திரும்பிப் போய் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"எப்படி?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

உப்பு கூடவில்லை. அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா பென்சிலை எடுக்கவில்லை. அடுப்படிக்கும் போகவில்லை. தன் பொட்டலத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு வெளியே போய் வேன் மீது சாய்ந்து நின்றார். நான் உட்கார்ந்து மூன்று பேருடையதையும் தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஹாரன் கேட்கவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அம்மா சொல்லாதே என்றார், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. சொன்னால் சனிக்கிழமைப் பயணம் நின்றுவிடும் என்று பயந்தேன். மீன் கிடைக்காது. பத்து வயதுப் பிள்ளையின் கணக்கு அவ்வளவுதான். பயணம் தானாகவே நின்ற பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்துவிட்டது. பள்ளி திறந்தது. நான் பள்ளிக்குப் போனேன்.

சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் அம்மாவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். தாழ்வாரத்து மர பெஞ்சுதான் என் இடம். ஒரு நாள் டாக்டர் வெளியே வந்து அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தமிழ்த் தாதி ஒருவர் எடுத்துச் சொன்னார்: "எத்தனை மாசமா அவங்களால முழுங்க முடியலைன்னு கேக்கிறாரு."

"தெரியலையே, மிஸ்ஸி" என்றார் அப்பா. "முழுங்க முடியலன்னு சொல்லவே இல்ல. கடைச் சாப்பாட்டுல குறை சொல்லுவா. அவ்வளவுதான்."

தாதி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. டாக்டர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். நான் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றிருந்தேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் குழாய் வைத்தார்கள். அம்மாவால் பேச முடியவில்லை. எழுதிக் காட்டினார். ஆங்கிலத்தில்தான் அவருக்கு வேகமாக எழுத வரும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தாதிகள் படித்துச் சொல்வார்கள்: போர்வை வேண்டும், ஜன்னலைத் திறங்கள், பிள்ளை சாப்பிட்டாளா? மற்றவர் வாயால் சொல்லக்கூடியது மட்டும்தான் அவர்களுக்குள் மிஞ்சியது.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா சிலேத்தார் வரை போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். வாசனையாவது பிடிக்கட்டும் என்று நினைத்தாரா, அந்தக் கடைக்கார அம்மாள் உப்பைக் குறைத்துப் போட்டார் என்று காட்ட நினைத்தாரா, தெரியவில்லை. வார்டு வாசலில் தாதி தடுத்துவிட்டார். அப்பா திரும்பி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேப்பர் முழுக்க எண்ணெய் படர்ந்திருந்தது.

"நீ சாப்பிடு" என்றார்.

அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து அதைத் தின்றேன். ஆறிப் போயிருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது. அதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நன்றாக இருந்தது.

சித்திரை பிறப்பதற்கு முன்பு அம்மா இறந்துபோனார். காத்தோங்கிலிருந்து அன்றுதான் முதல் முறையாக எங்கள் மாடிக்கு ஆட்கள் ஏறினார்கள். கீழே மில்லை அன்றைக்கு ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். யாரும் இருமவில்லை.

அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தைதான் என்னை வளர்த்தார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். கடைசிக் காலத்தில் அப்பா எங்களோடு செங்காங் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டியிருந்தார். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: "உங்கம்மாவுக்கு நான் பொருத்தமில்லம்மா."

படிப்பைத்தான் சொல்கிறார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தபோது, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டேன். "ஏம்ப்பா எப்பவும் அப்படிச் சொல்றீங்க?"

"பின்ன என்ன?" என்றார். "தொண்டையில அவ்வளவு பெரிய நோவு. எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையே அவளுக்கு. மாவு சரியில்ல, எண்ணெய் சரியில்லன்னு சொன்னா. எனக்குச் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லிக்கிற அளவுக்கு என்னை அவ ஒரு ஆளா நெனைக்கல. வேற என்ன?"

ஊசியைக் குத்தியபடியே நான் வைத்துவிட்டேன். நாற்பது வருடமாக அவர் இதை நம்பிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார். பதில் என்னிடம் இருந்தது. அதே வீட்டில், பக்கத்து அறையில்.

சொன்னேன். சிலேத்தார், சாக்கடை ஓரம், கைக்குட்டை, அம்மா சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும் சொன்னேன். மீனுக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுதால் பிடித்துக்கொள்ளலாம் என்று அருகில் போய் நின்றேன்.

அவர், "பத்து வயசுப் பிள்ளைகிட்டயா சொல்லாதேன்னுட்டுப் போனா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. என் மேல் அல்ல. அம்மா மேல் அவர் கோபப்பட்டு நான் கேட்டது அன்றுதான்.

"அப்பா, அம்மா உங்களுக்காகத்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியுதும்மா. தெரியுது" என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

இரவு சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கவில்லை என்றார். மறுநாளும் பசிக்கவில்லை. கதவருகே நின்று, "என் மேல கோவமாப்பா?" என்று கேட்டேன். "ஒம்மேல என்ன கோவம்? நீ வேலைக்குப் போ" என்றார். மூன்றாம் நாள் இரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு வாயாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். பொருத்தமில்லை என்ற அந்த வாக்கியத்தை ஒருநாளும் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி வேறு எதையும் சொல்லவும் இல்லை.